விடுதலையானவர்களின் சிறை

1800ஆம் ஆண்டு மே மாதம், லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் குறிவைத்து ஜேம்ஸ் ஹாட்ஃபீல்ட் என்ற முன்னாள் படைவீரர் துப்பாக்கியால் சுட்டார். குண்டு மன்னர்மேல் படவில்லை. போரில் தலையில் பலத்த வாள்வெட்டுப்பட்டவர் அவர். அரசாங்கத்தின் கையால் தான் செத்தால்தான் உலகத்துக்கு மீட்பு என்று நம்பியிருந்தார். தாமஸ் எர்ஸ்கின் அவருக்காக வாதாடினார். ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் துணிவில்லை. சில வாரங்களிலேயே நாடாளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை இயற்றி, சித்தம் கலங்கியிருந்ததால் விடுதலையாகிறவர்களை மன்னரின் விருப்பம் உள்ளவரை அடைத்துவைக்க வழிசெய்தது. ஹாட்ஃபீல்ட் 1841இல் காவலில் இருந்தபடியே இறந்தார். குற்றமில்லை என்ற தீர்ப்புக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

1951இல் அசாமில் ஒரு பழங்குடி இளைஞர், ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்ததாக இந்திய தண்டனைச் சட்டம் 326ஆம் பிரிவின்கீழ் கைதானார். மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவரை விடுவதற்குப் பதிலாகச் சிறைக்கு மாற்றினார்கள். வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. 2005இல், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில், எழுபது வயதைத் தாண்டியவராக வெளியே வந்தார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள். 2007இல் உச்ச நீதிமன்றம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையும் தர உத்தரவிட்டது. அதே ஆண்டு அவர் காலமானார்.

மனநலப் பாதிப்பு உள்ளவர்களைக் குற்றவியல் நடைமுறையிலிருந்து விலக்கிச் சிகிச்சையின் பக்கம் மடைமாற்ற வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. போலீஸ் அதிகாரி, நீதிபதி, மருத்துவர், உரிமை இயக்கத்தார் எல்லோரும் தலையாட்டுவார்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்பதாலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. மேலே சொன்ன இரண்டு பேரும் ஒருவகையில் மடைமாற்றப்பட்டவர்கள்தான். எனவே இந்தப் பெயரில் நடக்கும் எதையும் எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். அந்த ஆள் குற்றவாளி என்று தீர்ப்பாகி முழுத் தண்டனையையும் அனுபவித்திருந்தால் எத்தனை நாள் உள்ளே இருந்திருப்பார்? சட்டம் காட்டிய கருணை அவரை அதைவிடக் குறைவாக அடைத்துவைத்ததா, கூடுதலாகவா? உலகெங்கும் நடந்த முயற்சிகளை இந்தக் கேள்வியோடு படித்தால் பாராட்டுக்குரியவை என்று சொல்லப்படும் பலவும் வேறு முகம் காட்டுகின்றன.

முதலில் இவர்கள் ஏன் சிறைக்குப் போகிறார்கள் என்பது. 1939இல் லயனல் பென்ரோஸ் என்ற மரபியல் அறிஞர் பதினெட்டு ஐரோப்பிய நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டு, மனநல மருத்துவமனைகளில் ஆட்கள் அதிகமுள்ள நாட்டில் சிறைவாசிகள் குறைவு, அங்கே குறைந்தால் இங்கே கூடும் என்றார். இந்தக் கருத்து இன்றும் சண்டைக்குரியது. அமெரிக்காவைக் காட்டி இதை நிறுவுவது வழக்கம். 1955இல் அந்நாட்டு மாகாண மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1990களில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போனது. 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் வாக்களித்த சமூக மனநல மையங்கள் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டவே இல்லை. ஆனால் மருத்துவமனையை விட்டு வந்தவர்களே சிறைக்குள் போனார்கள் என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. சிறைகள் பெருத்ததற்குப் போதைப்பொருள் சட்டங்களுக்கும் நீண்ட தண்டனைகளுக்கும் பெரிய பங்குண்டு. நிச்சயமாகச் சொல்லக்கூடியது வேறு. 1984இல் லிண்டா டெப்ளின் வெளியிட்ட ஆய்வுக்காகச் சிகாகோ காவலர்களுடன் ஆய்வாளர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தார்கள். மனநலக் குறைபாட்டின் அறிகுறி தெரிந்த சந்தேக நபர்களில் நூற்றுக்கு 47 பேர் கைதானார்கள். மற்றவர்களில் 28 பேர். கொடூரத்தால் அல்ல. மருத்துவமனை வாங்க மறுத்தபோது காவலருக்குத் திறந்திருந்த ஒரே கதவு லாக்கப் கதவு.

சிறைக்குள் எவ்வளவு பேர்? சீனா ஃபசேலும் ஜான் டேனிஷும் 2002இல் பன்னிரண்டு நாடுகளின் 62 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஏறத்தாழ 23,000 கைதிகள். ஆண்களில் 3.7 விழுக்காட்டினருக்கு மனச்சிதைவு போன்ற கடும் நோய், பத்து விழுக்காட்டினருக்குத் தீவிர மனச்சோர்வு. பெண்களிடம் சற்று அதிகம். நம் பக்கத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ், பரப்பன அக்ரஹாரா சிறையில் 5,024 பேரைச் சோதித்து 2011இல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. குடி, புகையிலை, போதைப் பழக்கங்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட எண்பது விழுக்காடு. அவற்றைத் தள்ளிவிட்டால் 27.6. முதல் எண் செய்தித் தலைப்புக்கு உதவும். யோசிக்க வேண்டியது இரண்டாவது எண்ணைப் பற்றி.

இந்தியாவில் மருத்துவமனைகளை மூடியதால் இந்த நிலை வரவில்லை. மூடுவதற்கு அவ்வளவு இருந்ததே இல்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சிகிச்சை தேவைப்படுவோரில் அது கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு. இங்கே மனநல மருத்துவமனையின் வேலையைக் குடும்பம் செய்கிறது. குடும்பம் கைவிடும்போது கோயில், தர்கா, தெரு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியபோதுதான் அந்த ஏற்பாட்டை நாடு பார்த்தது. தெருவிலிருப்பவரைச் சட்டம் பிடிப்பதற்கோ பல கொக்கிகள்: 1945ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் ரகளை என்று சென்னையில் போடும் ‘75 கேஸ்’, சந்தேகத்துக்கிடமாகத் திரிந்ததாக எழுதும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. இவை எதற்கும் பெரிய தண்டனை கிடையாது. ஆனால் ஜாமீன்தாரர் இல்லாதவருக்குச் சிறு வழக்கும் பெரிய வழக்கும் ஒன்றே. நம் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள் என்பதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

கைதுக்கு முன்பே தடுக்கும் முயற்சிகளில் புகழ்பெற்றது அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ஏற்பாடு. 1987இல் மனநலப் பாதிப்புள்ள ஓர் இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டு தேர்ந்தெடுத்த காவலர்களுக்கு 40 மணிநேரப் பயிற்சி கொடுத்துத் தனிக்குழு அமைத்தார்கள். நோயாளிகளின் குடும்பத்தார் சங்கமும் பல்கலைக்கழகங்களும் கைகொடுத்தன. பிறகு நூற்றுக்கணக்கான ஊர்கள் இதைப் பின்பற்றின, பெரும்பாலும் பயிற்சியை மட்டும். மெம்ஃபிஸின் உண்மையான பலம் பயிற்சி அல்ல என்பது என் வாசிப்பு. காவலர் கூட்டிவரும் யாரையும் மறுக்காமல், அவரைக் காக்கவைக்காமல் ஏற்றுக்கொள்ளும் அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்று அங்கே இருந்தது. சிகாகோ காவலருக்கு இல்லாத இரண்டாவது கதவு அதுதான்.

மயாமி இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. அங்கே நீதிபதியாக இருந்த ஸ்டீவன் லைஃப்மனிடம் ஒரு பெற்றோர் வந்து தங்கள் மகனுக்கு உதவி கேட்டார்கள். ஹார்வர்டில் படித்து மனநல மருத்துவராகவே இருந்த மகன், மனச்சிதைவால் தெருவுக்கு வந்து, சில்லறை வழக்கில் சிக்கியிருந்தார். நீதிமன்றத்திலேயே அவர் நிலைகுலைந்தார். அவரைச் சிகிச்சைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. வெளியே விடத்தான் முடிந்தது. அந்த அனுபவத்திலிருந்து 2000இல் ஒரு திட்டம் பிறந்தது. பிறகு அந்த மாவட்டத்தில் அடிக்கடி கைதாகும் மனநோயாளிகளின் கணக்கை எடுத்தபோது, வெறும் 97 பேர் ஐந்தாண்டில் ஏறத்தாழ 2,200 முறை கைதாகி, 27,000 நாட்கள் சிறையிலும் 13,000 நாட்கள் மருத்துவமனைகளிலும் கழித்திருந்தது தெரிந்தது. செலவு 1.3 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு செலவிட்டும் கைதுகள் ஓயவில்லை. ஆயிரக்கணக்கான காவலர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். சிறைக்கு வந்துவிட்டவரைச் சில நாட்களில் சிகிச்சை மையத்துக்கு மாற்றி, அவர் ஒப்புக்கொண்டு சிகிச்சையைத் தொடர்ந்தால் வழக்கைக் கைவிட்டார்கள். வீடு, உதவித்தொகை விண்ணப்பம், கூடவே நடந்துவர முன்னாள் நோயாளி ஒருவர் என்று ஏற்பாடு செய்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டில் பயிற்சி பெற்ற காவலர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மனநல அழைப்புகளுக்குப் போனார்கள். கைதுகள் இருநூறுக்கும் குறைவு. மாவட்டச் சிறைவாசிகளின் எண்ணிக்கை இறங்கி, ஒரு சிறைக் கட்டடத்தையே மூடினார்கள். ஹாட்ஃபீல்ட் அளவுகோலில் வைத்தாலும் தேறும் திட்டம் இது. அடைபட்ட நாட்கள் உண்மையாகவே குறைந்தன.

காவலரையே அனுப்பாமல் மருத்துவ உதவியாளரையும் ஆலோசகரையும் அனுப்பும் முறை இன்னும் நேரடியானது. ஓரிகான் மாகாணம் யூஜீனில் 1989இல் தொடங்கிய சேவை உலகத்துக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. பணமில்லாமல் 2025இல் அந்த நகரத்தில் நின்றுபோனது. டென்வரில் 2020இல் தொடங்கிய இத்தகைய திட்டம் அது இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2022இல் வெளியான ஆய்வு கண்டது.

இங்கிலாந்தின் வழி வேறு. 1990இலேயே உள்துறை அமைச்சகம் சுற்றறிக்கை விட்டு, மனநலப் பாதிப்புள்ளவர்மேல் வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்குத் தேவையா என்று யோசிக்கச் சொன்னது. சுற்றறிக்கையால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 2009இல் பிராட்லி பிரபு 82 பரிந்துரைகளுடன் அறிக்கை தந்தார். அதன் விளைவாகக் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் மனநலச் செவிலியர்கள் உட்கார்ந்தார்கள். 2020க்குள் இங்கிலாந்து முழுவதும் இந்தச் சேவை பரவியது. செவிலியர் ஆளைப் பார்த்து, பழைய சிகிச்சை விவரத்தை எடுத்து, காவலருக்கும் நீதிபதிக்கும் அரைப்பக்கக் குறிப்புத் தருவார். தடாலடியாக எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்த அரைப்பக்கம்தான். ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டின் மேசையில் சரியான நேரத்தில் அது இருந்தால் பல விஷயங்கள் மாறும். அதே நாட்டில் 2017இல் சட்டத்தைத் திருத்தி, நெருக்கடியில் இருப்பவரைப் பாதுகாப்பு என்ற பெயரில் காவல் நிலைய அறையில் வைப்பதைப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முற்றாகத் தடுத்தார்கள். மற்றவர்களுக்கு அபூர்வமான விதிவிலக்காக்கினார்கள். பிடித்துவைக்கும் நேரமும் 72 மணியிலிருந்து 24 மணியானது.

மனநல நீதிமன்றங்கள் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஃபுளோரிடாவின் பிரவர்ட் மாவட்டத்தில் 1997இல் தொடங்கிய இவை இப்போது அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் உள்ளன. நீதிபதி கனிவாகப் பேசுவார், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பார், கைதட்டுவார். நல்லதுதான். ஆனால் பல இடங்களில் உள்ளே நுழையக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் முடிந்திருக்கும் சில்லறை வழக்குக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கண்காணிப்பு. தவறினால் சிறை. முன்பெல்லாம் எச்சரித்து அனுப்பியிருக்கக்கூடிய ஆட்களையும் ‘இங்கே நல்ல சிகிச்சை கிடைக்கும்’ என்று கைது செய்யும் ஆசை காவலருக்கு வரும். ஓடும் நீரைத் திருப்பத் தோண்டிய வாய்க்கால் புது நீரையும் இழுத்துக்கொள்வதுபோல.

இன்னொரு சங்கடமான ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ஜில்லியன் பீட்டர்சன் குழுவினர் 2014இல், மனநோயுள்ள 143 பேர் செய்த 429 குற்றங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். நோயின் அறிகுறியால் நேரடியாக விளைந்தவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மற்றவை எல்லோரையும் குற்றத்துக்குத் தள்ளும் அதே காரணங்களால்: வறுமை, வேலையின்மை, வீடின்மை, போதை. மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் மீண்டும் குற்றம் நடக்காது என்று நம்பித் தொடங்கிய திட்டங்கள் ஏமாந்தது இதனால்தான். மயாமி வீட்டையும் உதவித்தொகையையும் சேர்த்துக்கொண்டது வெறும் இரக்கத்தால் அல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் குழு இன்னும் ஒருபடி மேலே போகிறது. விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று ஒருவரை அறிவித்துக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்புவதே பாகுபாடு, அவருக்கும் மற்றவர்களைப் போல விசாரணை பெறும் உரிமை உண்டு என்பது அதன் நிலைப்பாடு. இந்தியா 2007இல் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு. கடும் மனச்சிதைவில் இருக்கும் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது எப்படி நியாயமான விசாரணையாகும் என்பதற்கு அந்தக் குழுவிடம் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் அசாம் வழக்கை நினைத்தால் அவர்களின் கோபம் புரிகிறது. 1951இலேயே விசாரித்துத் தண்டித்திருந்தால், பத்தாண்டுத் தண்டனைகூட 1961இல் முடிந்திருக்கும்.

இத்தாலிதான் இந்த முடிச்சை நேராகத் தொட்டது. 1978இல் ஃபிராங்கோ பசாலியாவின் இயக்கம் மனநல மருத்துவமனைகளை மூடவைத்தபோதும் குற்றவியல் மனநல மருத்துவமனைகள் மட்டும் பல பத்தாண்டுகள் தப்பித்து நின்றன. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கும் முடிவு கட்டியது. 2017க்குள் கடைசி மருத்துவமனையும் மூடப்பட்டு, இருபது படுக்கைகளுக்கு மிகாத சிறு இல்லங்கள் வந்தன. அதைவிட முக்கியமான வரி ஒன்று அந்தச் சட்டத்தில் உண்டு: அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனைக் காலத்துக்கு மேல் யாரையும் அங்கே வைத்திருக்கக் கூடாது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு விதிவிலக்கு. இல்லங்களில் இடம் போதாமல் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருப்பது உண்மை. ஆனாலும் கருணைக்குக் கெடு வைத்த சட்டம் அது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1972இல் ஜாக்சன் வழக்கில், விசாரணைக்குத் தகுதியற்றவர் என்ற ஒரே காரணத்துக்காகக் காலவரையறை இல்லாமல் அடைத்துவைக்க முடியாது என்றது.

நம் சட்டத்துக்கு வருவோம். 1982இல் வீணா சேத்தி வழக்கில் நீதிபதி பகவதி முன் வந்தவை ஹசாரிபாக் சிறைவாசிகள் சிலரின் கதைகள். சித்தம் கலங்கியவர்கள் என்று உள்ளே வைக்கப்பட்டு, தேறிய பிறகும் பல்லாண்டுகள் மறக்கப்பட்டவர்கள். 1993இல் ஷீலா பார்சே வழக்கில், எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியொரு வழக்கம் அதுவரை மேற்கு வங்கச் சிறைகளில் சாதாரணமாக நடந்துவந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அதன் தொடர்ச்சி. தெருவில் திரியும் மனநோயாளியைக் காவலர் பாதுகாப்பில் எடுத்து 24 மணிநேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும், எந்தச் சூழலிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது 100ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர்மேல் வழக்குப் போடுவதையும் 115ஆம் பிரிவு பெரும்பாலும் நிறுத்தியது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில், அந்த முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை.

ஆனால் 100ஆம் பிரிவு காப்பாற்றுவது திரிபவரை. அவர் டீக்கடைப் பூட்டை உடைத்து நுழைந்து ஒரு பன்னை எடுத்துவிட்டார் என்று கடைக்காரர் புகார் எழுதிக் கொடுத்த கணமே அவர் வேறு சட்டத்துக்குள் போய்விடுகிறார். அங்கே, வழக்கு தேவையா என்று யோசித்து விட்டுவிடும் இங்கிலாந்துக் காவலரின் அதிகாரம் நம் காவலருக்குக் கிடையாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 2013 லலிதா குமாரி தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஏழையின் புகாரை வாங்காமல் விரட்டும் நிலையங்களுக்காக வந்தது அது. நடைமுறையில் நம் ஊர் நிலையங்கள் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது மட்டும் போட்டு, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பத்தான் செய்கின்றன. மனநோயாளியின் வழக்கு அப்படி முடிவது எழுத்தரின் மனசையும் கூடவந்த அண்ணனின் வாய்ச்சாதுரியத்தையும் பொறுத்தது. சட்டப்படியான மடைமாற்றம் இல்லாத இடத்தில் செல்வாக்குப்படியான மடைமாற்றம் நடக்கிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் அறியாதது. விசாரணைக்குத் தகுதியற்ற நிலையில் இருப்பவரை, ஜாமீன் தரக்கூடாத குற்றமானாலும், உள்நோயாளிச் சிகிச்சை தேவையில்லை என்றால் விடவேண்டும். குற்றத்தின் தன்மையையும் மருத்துவக் கருத்தையும் பார்த்து வழக்கிலிருந்தே விடுவிக்கவும் இடமுண்டு. பழைய சட்டத்தின் 330ஆம் பிரிவு இது, புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 369. நிபந்தனை ஒன்றுதான்: உறவினரோ நண்பரோ வந்து, சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறேன், இவர் யாருக்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி யாரும் இருந்திருந்தால் அவர் தெருவுக்கே வந்திருக்க மாட்டார். அக்காவோ மச்சானோ வந்து நின்றால் வீடு, இல்லாவிட்டால் சிகிச்சை தரக்கூடிய ஓர் இடம். அந்த இடத்தில் எவ்வளவு காலம் என்பதற்கு இத்தாலி வைத்ததுபோல் தெளிவான கெடு அந்தப் பிரிவில் இல்லை.

எழுதிக் கொடுக்கும் அந்தக் கையை நிறுவனங்களுக்கும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, வீடற்ற மனநோயாளிகளைச் சேர்த்துத் தேற்றி ஊருக்கு அனுப்புவதில் முப்பதாண்டு அனுபவம் உள்ளது. ஊருக்குப் போக முடியாதவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சிலராகச் சேர்த்துக் குடிவைக்கும் முறையையும் நடத்துகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருக்கிறார். இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டந்தோறும் ஆணைக்குழு இருக்கிறது. இந்த மூவரும் ஒரு ரிமாண்ட் நீதிமன்றத்தில் வாரத்தில் சில நாட்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பிராட்லி அறிக்கையின் பெரும்பகுதி நடந்துவிடும். புதுச் சட்டம் தேவையில்லை. தங்கும் இடங்களுக்குத்தான் பணம் வேண்டும், அதைத் தராமல் மற்றதைச் செய்தால் யூஜீன் கதைதான்.

உள்ளே ஏற்கெனவே இருப்பவர்களுக்காக மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிறையின் மருத்துவ அதிகாரியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தன் சிறையில் மனநோயுள்ள கைதி யாரும் இல்லை என்று மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். இருந்தால், ஏன் மருத்துவமனைக்கு மாற்றவில்லை என்று வாரியம் நேரில் வந்து கேட்கலாம். பரப்பன அக்ரஹாராவில் நிம்ஹான்ஸ் கண்டது 27.6 விழுக்காடு. நாட்டின் மற்ற சிறைகளிலிருந்து வாரியங்களுக்குப் போகும் சான்றுகளை ஒன்றாக அடுக்கி வெளியிட்டாலே போதும், எந்தச் சிறைக்கு வாரியம் முதலில் வண்டி எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.